ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை: காலேஜ் பேண்டுக்கு ரெக்கார்டிங் செட்டப் தேர்வு செய்வது எப்படி?

"மச்சி, எந்த மைக் வாங்கலாம்?" பேண்டு வச்சிருக்கிற யாரும் ரெக்கார்டிங் பத்திப் பேச ஆரம்பிச்சா முதல் கேள்வி இதுதான். அடுத்த பத்து நிமிஷத்துல யூடியூப் ரிவ்யூ லிங்க் நாலு வந்து விழும். ஒருத்தர் ஒரு மாடலைச் சொல்வார், இன்னொருத்தர் அது வேஸ்ட்னு சொல்வார். கடைசியில யார் சத்தமாப் பேசினாரோ அவர் சொன்னதை வாங்குவோம்.

இந்தக் கட்டுரையில கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்கலாம். ரெக்கார்டிங் நாளன்னைக்கு எது எது கைவிடும்? அது கைவிடாம இருக்க எதுல காசு போடணும்?

ஏன் இந்தக் கேள்வி முக்கியம்னா, காலேஜ் பேண்டோட ஆயுசு ரொம்பக் குறைவு. முதல் வருஷம் ஆள் சேர்க்கவே போயிடும். இரண்டாவது, மூன்றாவது வருஷம் கல்ச்சுரல்ஸ். நாலாவது வருஷம் பிளேஸ்மென்ட், ப்ராஜெக்ட், ரிவ்யூ. அஞ்சு பேரும் ஒரே நாள் ஃப்ரீயா இருக்கிறது அந்த வருஷத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைச்சாலே அதிசயம். மே மாசத்துக்கு அப்புறம் ஒருத்தர் பெங்களூரு, ஒருத்தர் புனே, ஒருத்தர் ஊருக்கே போயிடுவார். நீங்க சொந்தமா எழுதி மெட்டுப் போட்ட மூணு பாட்டு அந்த ஒரு நாள்ல பதிவானாதான் உண்டு. "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்"னு சொல்ல அடுத்த வாரம் இருக்காது. அதனால நமக்கு "நல்ல சவுண்டு" இரண்டாவது. "கண்டிப்பா பதிவாகணும்" முதல்.

நம்பகத்தன்மை: ஒரு சின்னக் கணக்கு

மெக்கானிக்கல், ப்ரொடக்‌ஷன் நண்பர்களுக்கு இது தெரிஞ்ச பாடம். வரிசையா இணைக்கப்பட்ட ஒரு சிஸ்டத்துல ஒன்னு போனாலும் எல்லாம் போச்சு. மொத்த நம்பகத்தன்மை கிடைக்கணும்னா ஒவ்வொரு பாகத்தோட நம்பகத்தன்மையையும் பெருக்கணும்.

சின்ன செட்டப் ஒன்னு எடுத்துக்குவோம். 4 மைக், 4 கேபிள், 4 ஸ்டாண்ட், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு யு.எஸ்.பி. கேபிள், ஒரு லேப்டாப், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மொத்தம் 16 பொருள். ஒவ்வொன்னும் அன்னைக்கு 99 சதவீதம் ஒழுங்கா வேலை செய்யும்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். 0.99-ஐ 16 தடவை பெருக்கினா 0.85 வருது. ஒவ்வொன்னும் 98 சதவீதம்னு வச்சா 0.72. அதாவது, தனித்தனியாப் பார்த்தா எல்லாமே "சூப்பர் கண்டிஷன்"ல இருந்தாலும், நாலு நாள் ரெக்கார்ட் பண்ணினா ஒரு நாள் ஏதோ ஒன்னு காலை வாரும்.

இப்போ ஸ்பேர் வச்சுப் பாருங்க. 98 சதவீத கேபிளுக்குப் பக்கத்துல அதே மாதிரி இன்னொரு கேபிள் பையில இருந்தா, இரண்டும் ஒன்னா போற வாய்ப்பு 0.02 பெருக்கல் 0.02. அந்த இடத்தோட நம்பகத்தன்மை 0.9996 ஆயிடுது. ஒரு ஸ்பேர் கேபிள் விலைக்கு இவ்வளவு பெரிய லாபம் வேற எதுலயும் கிடைக்காது. விலை உயர்ந்த ஒரு மைக் வாங்கி ஸ்பேர் இல்லாம நிக்கிறதை விட, நடுத்தர மைக்கோட இரண்டு ஸ்பேர் கேபிள் வாங்குறது நல்லதுன்னு இந்தக் கணக்குதான் சொல்லுது.

இன்னொரு பாடமும் இங்க உதவும்: பாத்டப் கர்வ். எலக்ட்ரானிக் பொருட்கள் அதிகமாக் கெட்டுப்போறது இரண்டு காலத்துல. புதுசா இருக்கும்போது, அப்புறம் ரொம்பப் பழசான பிறகு. நடுவுல நீண்ட காலம் அமைதியா ஓடும். அதனால ரெக்கார்டிங்குக்கு முந்தின நாள் டெலிவரி ஆகுற மாதிரி எதையும் ஆர்டர் போடாதீங்க. குறைஞ்சது இரண்டு வாரம் முன்னாடி வாங்கி, ஒவ்வொரு ப்ராக்டிஸுக்கும் ஓட்டுங்க. கெடப் போறது அப்பவே கெட்டுடும், மாத்திக்கவும் நேரம் இருக்கும்.

முதல்ல சேனல் எண்ணுங்க

வாங்குறதுக்கு முன்னாடி பேப்பர் எடுத்து, ஒரே நேரத்துல எத்தனை ஒலி மூலங்களைப் பதிவு பண்ணணும்னு எழுதுங்க. உதாரணம்: பாடகர் 1, அகூஸ்டிக் கிடார் 1, பேஸ் கிடார் 1, கீபோர்டு ஸ்டீரியோன்னா 2, கஹோன் 1. ஆக 6. ஃப்யூஷன் பேண்டு, மிருதங்கம் இருக்குன்னா வலந்தலைக்கு ஒன்னு, தொப்பிக்கு ஒன்னுன்னு 2 சேர்த்து 8. முழு டிரம் கிட் இருந்தா கணக்கு இன்னும் ஏறும்.

இந்த எண்ணைப் பார்த்ததும் இரண்டு வழி பிரியும்.

முதல் வழி, எல்லாரும் ஒன்னா வாசிச்சு ஒரே நேரத்துல பதிவு பண்றது. இதுக்கு 8 மைக் உள்ளீடு இருக்கிற இன்டர்ஃபேஸ் வேணும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20, பெரிங்கர் யு.எம்.சி.1820 மாதிரி மாடல்கள் இந்த வகை. இரண்டுலயும் 8 மைக் ப்ரீஆம்ப் உண்டு. பெயர்ல இருக்கிற 18-ஐப் பார்த்து 18 மைக் செருகலாம்னு நினைச்சுடாதீங்க. டிஜிட்டல் உள்ளீடுகளையும் சேர்த்துச் சொல்ற எண் அது. வாங்கும்போது "மைக் ப்ரீஆம்ப் எத்தனை?"ன்னு மட்டும் பாருங்க.

இரண்டாவது வழி, ஓவர்டப். ஒரு கிளிக் ட்ராக் ஓட விட்டு, முதல்ல தாளம், அப்புறம் பேஸ், கிடார், கடைசியில குரல்னு ஒவ்வொருத்தரா பதிவு பண்றது. இதுக்கு ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி 2 உள்ளீடு உள்ள சின்ன இன்டர்ஃபேஸே போதும். செலவு குறைவு, பொருளும் குறைவு, கெட்டுப்போக இடமும் குறைவு. ஆனா நேரம் நிறைய எடுக்கும், கிளிக்குக்கு வாசிச்சுப் பழகியிருக்கணும். பழகாத பேண்டு இதுல இறங்கினா, ரூம்ல இருக்கிற உயிர்ப்பு ரெக்கார்டிங்ல வராது.

எந்த வழின்னு முடிவு பண்ணாம கடைக்குப் போகாதீங்க. இந்த ஒரு முடிவுதான் பட்ஜெட்டோட முக்கால்வாசியைத் தீர்மானிக்குது.

மைக்: டைனமிக்கா, கண்டென்சரா?

டைனமிக் மைக்குக்குள்ள ஒரு சவ்வோட ஒட்டின கம்பிச்சுருள் காந்தப்புலத்துல அசையும். அசைஞ்சா வோல்டேஜ் உண்டாகும். பன்னிரண்டாம் வகுப்பு ஃபாரடே விதிதான், வேற ஒன்னுமில்ல. சுருளோட எடையையும் சேர்த்து ஒலி அசைக்க வேண்டியிருக்கிறதால ரொம்ப மெல்லிய ஓசைகளை இது கவனிக்காது. ஆனா அடி தாங்கும், அதிக சத்தம் தாங்கும், வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம்.

கண்டென்சர் மைக்ல ஒரு மெல்லிய சவ்வும் பின்தகடும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர். சவ்வு அசையும்போது கெப்பாசிட்டன்ஸ் மாறும். சவ்வு லேசுங்கிறதால நுணுக்கமா பிடிக்கும். அகூஸ்டிக் கிடார், வயலின், வீணை எல்லாத்துக்கும் அழகா வரும். ஆனா இதுக்கு இன்டர்ஃபேஸ்ல இருந்து 48 வோல்ட் பேன்டம் பவர் போகணும். கூடவே ரூம்ல இருக்கிற சீலிங் ஃபேன், பக்கத்து ரூம் ஃபோன் ரிங்டோன், வெளியே போற ஆட்டோ எல்லாத்தையும் அதே நுணுக்கத்தோட பிடிச்சுக் கொடுக்கும்.

ஹாஸ்டல் ரூமோ, வீட்டு மாடியோ, எதுவா இருந்தாலும் நமக்குக் கிடைக்கிறது ட்ரீட் பண்ணாத ரூம்தான். அதனால என் பரிந்துரை: ஆரம்ப செட்ல பெரும்பான்மை டைனமிக்கா இருக்கட்டும். ஷூர் எஸ்.எம்.57 வந்தது 1965-ல், எஸ்.எம்.58 வந்தது 1966-ல். அறுபது வருஷமா பெரிசா மாறாம இன்னும் விற்பனையில இருக்கு. அமெரிக்க அதிபர் பேசுற மேடையில பல பத்தாண்டுகளா நிக்கிறதும் எஸ்.எம்.57-தான். கிடார் ஆம்ப், ஸ்நேர் டிரம், பறை, தவில்னு எதுக்கு முன்னாடி வச்சாலும் அசராது. குரலுக்கு 58. அதுக்கப்புறம் காசு மிஞ்சினா ஒரே ஒரு கண்டென்சர்.

ஒரு எச்சரிக்கை: எஸ்.எம்.58-க்கு போலி நிறைய சுத்துது. பாக்ஸ், ஸ்டிக்கர், லோகோ எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். வழக்கமான விலையில பாதிக்குக் கிடைக்குதுன்னா சந்தேகப்படுங்க. அங்கீகரிக்கப்பட்ட டீலர்கிட்ட பில்லோட வாங்குங்க.

கண்டென்சர் வாங்கினா இன்னொன்னும் கவனிக்கணும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்கள்ல காத்துல ஈரம் அதிகம். சவ்வுல ஈரம் சேர்ந்தா மைக்ல பட்பட்னு பொரியுற சத்தம் வரும். காத்துப்புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வச்சா மைக் பல வருஷம் உழைக்கும். ஷூ பாக்ஸ்ல வர்ற பாக்கெட்டைத் தூக்கிப் போடாம எடுத்து வைங்க.

கேபிள்: எல்லாரும் மறக்கிற இடம்

எக்ஸ்.எல்.ஆர். கேபிள்ல மூணு பின். முதலாவது கிரவுண்டு. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே சிக்னலை எதிர் எதிர் போலாரிட்டியில எடுத்துட்டுப் போகும். வழியில ஏதாவது இரைச்சல் புகுந்தா, இரண்டு கம்பியிலயும் கிட்டத்தட்ட சமமா புகும். இன்டர்ஃபேஸ் கடைசியில இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்குது. சிக்னல் இரட்டிப்பாகும், இரைச்சல் கழிஞ்சு போயிடும். ஆப்-ஆம்ப் லேப்ல காமன் மோட் ரிஜெக்‌ஷன்னு நோட்டுல எழுதினோமே, அதோட நிஜப் பயன் இதுதான்.

கிடார் கேபிள்ல இந்த வசதி கிடையாது. அது அன்பேலன்ஸ்டு. நீளமா போட்டா நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோட ஹம் கேட்கும். அதனால கிடார் கேபிள் சின்னதா இருக்கணும். தூரம் போகணும்னா டி.ஐ. பாக்ஸ் ஒன்னு போட்டு, அங்கிருந்து எக்ஸ்.எல்.ஆர்.-ல கொண்டு போங்க. இன்டர்ஃபேஸ்ல நேரடியா கிடாரைச் செருகினா "இன்ஸ்ட்"னு இருக்கிற பட்டனை அழுத்தணும். கிடார் பிக்கப் எதிர்பார்க்கிறது 1 மெகா ஓம் அளவு உள்ளீட்டு இம்பீடன்ஸ். சாதாரண லைன் உள்ளீடு சில பத்தாயிரம் ஓம்தான் இருக்கும். அதுல செருகினா சவுண்டு மங்கி, உயிரில்லாம வரும்.

கேபிள் வாங்கும்போது கனெக்டரைத் திறந்து பாருங்க. சால்டர் பளபளன்னு இருக்கா, கம்பியை இறுக்கிப் பிடிக்கிற க்ளாம்ப் இருக்கா? திறக்கவே முடியாம அச்சுல வார்த்த கனெக்டர் வேண்டாம். போச்சுன்னா ரிப்பேர் பண்ண முடியாது. நாம இன்ஜினியரிங் படிக்கிறோம், சால்டரிங் அயர்ன் லேப்லயே இருக்கு. நல்ல கனெக்டரும் மீட்டர் கணக்குல கேபிளும் வாங்கி நாமளே செஞ்சா செலவும் குறையும், நடுராத்திரி போனாலும் சரி பண்ணிக்கலாம். மல்டிமீட்டர்ல கன்டின்யூட்டி வச்சு, கேபிளை ஆட்டி ஆட்டிப் பாருங்க. பீப் விட்டு விட்டு வந்தா அந்த கேபிளை ரெக்கார்டிங் பையில போடாதீங்க.

இன்டர்ஃபேஸ்: ஸ்பெக் ஷீட்ல எதைப் பார்க்கணும்?

பெட்டி மேல 192 கிலோ ஹெர்ட்ஸ்னு பெரிசா போட்டிருப்பாங்க. அதைப் பார்த்து மயங்காதீங்க. மனுஷக் காது கேட்கிற உச்சம் சுமார் 20 கிலோ ஹெர்ட்ஸ். நைக்விஸ்ட் சொன்னபடி அதுக்கு இரண்டு மடங்குக்கு மேல சாம்பிள் எடுத்தா போதும். சி.டி. 44.1 கிலோ ஹெர்ட்ஸ்ல நின்னது அதனாலதான். நமக்கு 48 கிலோ ஹெர்ட்ஸ் தாராளம். வீடியோவோட சேர்க்கவும் வசதி.

ஆனா பிட் டெப்த் முக்கியம். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். 16 பிட்டுக்கு 96 டெசிபல், 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144 டெசிபல். எந்த நிஜ இன்டர்ஃபேஸும் அந்த 144-ஐ முழுசா தொடாது. ஆனாலும் 24 பிட்ல நமக்கு ஒரு பெரிய சுதந்திரம் கிடைக்குது: லெவலை உச்சத்துக்கு ஏத்த வேண்டியதில்லை. டிஜிட்டல்ல 0 டெசிபலைத் தாண்டினா அலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான், எந்த சாஃப்ட்வேராலும் முழுசா மீட்க முடியாது. அதனால அதிகபட்ச சத்தமே மைனஸ் 12 டெசிபல்ல நிக்கிற மாதிரி கெயின் வைங்க. இதனால இழக்கிறது வெறும் 2 பிட், மீதி 22 பிட் கையில இருக்கு. பாடகர் உணர்ச்சிவசப்பட்டு கடைசிச் சரணத்துல கத்தினாலும் டேக் தப்பிக்கும்.

அடுத்தது லேட்டன்சி. ஹெட்ஃபோன்ல நம்ம குரல் நமக்கே தாமதமாக் கேட்டா பாட முடியாது. பஃபர் 128 சாம்பிள்னா 48 கிலோ ஹெர்ட்ஸ்ல 2.7 மில்லி செகண்ட். 1024 வச்சா 21 மில்லி செகண்ட். ஒலி ஒரு மில்லி செகண்ட்ல போற தூரம் சுமார் 34 செ.மீ. அப்போ 21 மில்லி செகண்ட்ங்கிறது டிரம்மர் உங்களுக்கு 7 மீட்டர் தள்ளி உக்காந்திருக்கிற மாதிரி. இது ஒரு வழிக் கணக்குதான், போய்த் திரும்பி வர்றதையும் சேர்த்தா இன்னும் கூடும். பஃபரை ரொம்பக் குறைச்சா லேப்டாப் திணறி நடுவுல டிக் டிக்னு விழும். இதுக்கு நல்ல தீர்வு "டைரக்ட் மானிட்டர்" வசதி. ஒலி லேப்டாப்புக்குள்ள போய்ச் சுத்தி வராம, இன்டர்ஃபேஸ்லயே ஹெட்ஃபோனுக்குத் திரும்பிடும். வாங்குற மாடல்ல அது இருக்கான்னு கட்டாயம் பாருங்க.

கடைசியா டிரைவர். நம்பகத்தன்மையில பாதி இங்கதான் இருக்கு. விண்டோஸ் லேப்டாப்னா கம்பெனி தன் இன்டர்ஃபேஸுக்குன்னே கொடுக்கிற ஏசியோ டிரைவர் இருக்கணும், அதுவும் உங்க விண்டோஸ் பதிப்புக்கு. பழைய செகண்ட் ஹேண்ட் மாடல் மலிவாக் கிடைக்குதுன்னு வாங்குறதுக்கு முன்னாடி, கம்பெனி சைட்ல அந்த மாடலோட டிரைவர் பக்கத்தைத் திறந்து பாருங்க. ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ் எதுவும் வேண்டாம். அந்தக் காலத்துல அருமையான பொருள்தான், ஆனா இப்போதைய லேப்டாப்ல செருக ஓட்டையே இல்லை.

லேப்டாப் இல்லாமலும் முடியும்

லேப்டாப்தான் இந்தச் சங்கிலியில ரொம்பச் சிக்கலான கண்ணி. அப்டேட் வரும், ஆன்டிவைரஸ் முழிச்சுக்கும், ஃபேன் கத்தும். அதனால தனியா நிக்கிற ரெக்கார்டரையும் யோசிச்சுப் பாருங்க. ஸூம் எச்6 ஒரே நேரத்துல 6 ட்ராக் பதிவு பண்ணும். பேட்டரியிலயே ஓடும், கரண்டு போனாலும் கவலையில்லை. ஸூம் லைவ்ட்ராக் எல்-12 மிக்ஸரும் ரெக்கார்டரும் சேர்ந்தது. 8 மைக் ப்ரீஆம்ப் இருக்கு, ஒவ்வொரு சேனலையும் தனித்தனியா எஸ்.டி. கார்டுல எழுதிடும். அதையே யு.எஸ்.பி. இன்டர்ஃபேஸாவும் பயன்படுத்தலாம். மேடையில வாசிக்கிறதையும் பதிவு பண்ணணும்னு நினைக்கிற பேண்டுக்கு இந்த வகை ரொம்பப் பொருத்தம்.

எவ்வளவு இடம் வேணும்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ், ஒரு ட்ராக்: நிமிஷத்துக்கு 8.64 எம்.பி. 8 ட்ராக்குக்கு ஒரு மணி நேரம் சுமார் 4.15 ஜி.பி. ஒரு முழு நாள்ல அஞ்சு மணி நேரம் ஓடவிட்டாலும் 21 ஜி.பி.-க்குள்ள முடிஞ்சிடும். 64 ஜி.பி. கார்டு ஒன்னு போதும். ஆனா நல்ல கார்டா, ரெக்கார்டர் கம்பெனி பரிந்துரைக்கிற பட்டியல்ல இருக்கிறதா வாங்குங்க. காலையில அந்த ரெக்கார்டர்லயே ஃபார்மேட் பண்ணிட்டு ஆரம்பிங்க.

சாஃப்ட்வேர் பக்கம், ரீப்பர் 60 நாள் முழுசா இலவசமாப் பயன்படுத்திப் பார்க்கலாம். சின்ன ஃபைல், பழைய லேப்டாப்லயும் ஓடும். க்ராக் பண்ணின சாஃப்ட்வேரை ரெக்கார்டிங் லேப்டாப்ல ஏத்தாதீங்க. நியாய அநியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், நடுவுல எப்போ உக்காரும்னு யாருக்கும் தெரியாத ஒன்னை நம்பி அந்த ஒரு நாளை எதுக்குக் கொடுக்கணும்?

காசு கேட்காத கருவி: ரூம்

நல்ல மைக்கை மோசமான ரூம்ல வச்சா, மோசமான ரூம் தெளிவாப் பதிவாகும். ரூம் நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டுங்க. ட்ரிங்னு உலோகம் மாதிரி எதிரொலி வந்தா வேற ரூம் பாருங்க.

10 அடிக்கு 10 அடி ரூம் இன்னும் மோசம். 10 அடி சுமார் 3.05 மீட்டர். இரண்டு சுவருக்கு நடுவுல உருவாகிற முதல் ஸ்டாண்டிங் வேவ் சுமார் 56 ஹெர்ட்ஸ்ல வரும். நீளமும் அகலமும் ஒன்னுன்னா இரண்டு பக்கமும் அதே 56. பேஸ் கிடாரோட திறந்த ஏ ஸ்ட்ரிங் 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு ஸ்வரம் மட்டும் ரூமே அதிர்ற மாதிரி கேட்கும், மத்ததெல்லாம் சாதாரணமா இருக்கும். பேஸ் வாசிக்கிறவரைத் திட்டாதீங்க, அது ரூமோட வேலை. நீளம், அகலம், உயரம் மூணும் வெவ்வேறா இருக்கிற ரூம் எடுங்க. இல்லைன்னா பேஸை ஆம்ப் இல்லாம டி.ஐ. வழியா நேரா பதிவு பண்ணிடுங்க.

முட்டை அட்டை ஒட்டுறது பெரிசா பலன் தராது. ஹாஸ்டல் மெத்தைகளை எடுத்து பாடகருக்குப் பின்னாடியும் பக்கவாட்டுலயும் நிறுத்துங்க, கனமான போர்வையைத் தொங்கவிடுங்க. நடு, உயர் அலைவரிசை எதிரொலி நல்லாவே குறையும். மைக்கைக் கிட்ட வைங்க. 30 செ.மீ.-ல இருந்து 15 செ.மீ.-க்குக் கொண்டு வந்தா நேரடி ஒலி 6 டெசிபல் கூடும், ரூம் எதிரொலி அப்படியே இருக்கும். இரண்டு மைக் பக்கத்துல இருந்தா, ஒலி மூலத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூணு மடங்கு தூரம் அந்த இரண்டு மைக்குக்கும் இடையில இருக்கட்டும். சீலிங் ஃபேனை டேக் நேரத்துல நிறுத்துங்க. வேர்க்கும், பரவாயில்லை.

பட்ஜெட்டை எப்படிப் பிரிக்கலாம்?

எல்லாரும் போட்டுச் சேர்த்த காசு 100 ரூபாய்னு வச்சுக்குவோம். இன்டர்ஃபேஸ் அல்லது ரெக்கார்டருக்கு 40. மைக்குகளுக்கு 30. கேபிள், ஸ்டாண்ட், டி.ஐ. பாக்ஸுக்கு 15. ஹெட்ஃபோனுக்கு 10. அது மூடின வகையா இருக்கணும், இல்லைன்னா கிளிக் சத்தம் கசிஞ்சு மைக்ல விழும். மீதி 5 ஸ்பேர்களுக்கும் எஸ்.டி. கார்டுக்கும். இது என்னோட பிரிப்பு. உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிறதைப் பொறுத்து மாத்திக்குங்க.

காசு ரொம்பக் குறைவா இருந்தா வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க. வருஷத்துக்கு ஒரு நாள் பயன்படுத்துற 8 சேனல் இன்டர்ஃபேஸை வாங்கி ஆளுக்கு ஒரு பங்குன்னு வச்சா, மே மாசம் அது யார் வீட்டுக்குப் போகும்னு சண்டைதான் வரும். வாடகைன்னா முந்தின நாளே எடுத்து, கடையிலயே ஒவ்வொரு சேனலையும் செருகிப் பார்த்துட்டு வாங்க.

அந்த நாளுக்கு முந்தின சாயங்காலம்

முழு செட்டப்பையும் அதே ரூம்ல, அதே ப்ளக்ல போட்டு, ஒரு பாட்டை 20 நிமிஷம் திரும்பத் திரும்ப ஓட விடுங்க. லேப்டாப்ல வைஃபை ஆஃப், அப்டேட்டை நிறுத்தி வைங்க, யு.எஸ்.பி. பவர் சேவிங்கை எடுத்துடுங்க. இன்டர்ஃபேஸை நேரா போர்ட்ல செருகுங்க, ஹப் வேண்டாம். ஹம் கேட்டா சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. நின்னுடுச்சுன்னா அது கிரவுண்ட் லூப்பா இருக்கலாம். எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இருந்து எடுத்துப் பாருங்க. ஹம் நிக்கணும்னு எந்த ப்ளக்கோட எர்த் பின்னையும் உடைக்காதீங்க. அது உயிர் விஷயம்.

பதிவானதை அப்பவே ஹெட்ஃபோன்ல ஒவ்வொரு ட்ராக்கா தனியாக் கேளுங்க. ஸ்க்ரீன்ல அலை தெரிஞ்சா மட்டும் போதாது. லூஸ் கேபிளோட கரகரப்பு அலையைப் பார்த்தா தெரியாது, கேட்டாதான் தெரியும்.

அன்னைக்கு ஒரு ஃபோனை ஏரோப்ளேன் மோட்ல போட்டு, ரூம் நடுவுல ஒரு ஸ்டாண்ட்ல வச்சு, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஓடவிடுங்க. அது தனி மைக், தனி பேட்டரி, தனி மெமரி. மெயின் செட்டப்போட எந்தப் பாகத்தையும் பகிர்ந்துக்கலை. அதனாலதான் அது நிஜமான பேக்கப். அதே லேப்டாப்ல இன்னொரு ஃபோல்டர்ல காப்பி பண்றது பேக்கப் ஆகாது, ஹார்டு டிஸ்க் போனா இரண்டும் சேர்ந்து போகும். சாயங்காலம் யாரும் கிளம்புறதுக்கு முன்னாடி ஃபைல்களை ஒரு வெளி டிஸ்க்லயும், இன்னொருத்தர் லேப்டாப்லயும் போட்டு, அங்க திறந்து ஓட்டிப் பாருங்க. ஓடினதுக்கு அப்புறம்தான் எஸ்.டி. கார்டைத் தொடணும். மிக்ஸிங் எப்போ வேணும்னாலும் பண்ணலாம். ரா ட்ராக்குகள் கையில இருந்தா இரண்டு வருஷம் கழிச்சு புனேல இருந்தும் பண்ணலாம்.

அதனால அடுத்த தடவை பேண்டு க்ரூப்ல "எந்த மைக்?"னு யாராவது கேட்டா, பதிலா மூணு கேள்வி கேளுங்க: எத்தனை சேனல்? எந்த ரூம்? ஸ்பேர் என்ன இருக்கு? இந்த மூணுக்கும் பதில் எழுதிட்டா மைக் எதுன்னு அஞ்சு நிமிஷத்துல முடிவாயிடும். அப்புறம் மிச்ச நேரத்தை ப்ராக்டிஸுக்குக் கொடுங்க. எந்தக் கடையிலயும் விற்காத ஒரே பொருள் அதுதான்.